சீக்கிரம் வரும் விமானம்

அண்ணன் டொராண்டோவிலிருந்து வந்து அப்பாவின் உதட்டைப் பாலால் நனைத்ததும் மூச்சு மெஷினை எடுத்துவிடலாம் என்று பெரியப்பா டாக்டரிடம் சொல்லிவிட்டார். "எவ்வளவு நேரந்தான் இழுத்துக்கிட்டுக் கெடப்பான்? சீக்கிரம் வர்ற பிளேனாப் பாரு," என்று என்னை ஐ.சி.யூ. வாசலில் உட்கார வைத்தார். அண்ணனை லைனில் வைத்துக்கொண்டே தேடினேன். தோஹா வழியாக இருபத்திரண்டு மணி நேரம். நேர வித்தியாசத்தைத் தப்பாகக் கழித்துவிட்டேனோ என்று மறுபடி கணக்குப் போட்டேன். அதேதான் வந்தது.

"இதைவிடச் சீக்கிரம் எதுவும் இல்லண்ணா."

"சரி பாப்பா, அதையே போட்டுடறேன்."

மூன்று நாளாக யாரோடும் பேசாத அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு. அது வேணாம்."

"ஏம்மா?"

"சுத்திக்கிட்டு வர்றது எதுவும் இல்லையா?"

திரையைக் கீழே தள்ளினேன். கடைசியில் ஒன்று இருந்தது. இரண்டு ஊர்களில் இறங்கி ஏறி, நாற்பத்தொரு மணி நேரம். அம்மா கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். உள்ளே அப்பாவின் நெஞ்சு மெஷினோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா, லைன்ல இருக்கியா?" என்றான் அண்ணன். "புக் பண்ணட்டுமா?"