அந்த லிஃப்ட்

அடுக்குமாடியில் வாங்க வந்த வீடு பிடித்துப்போயிற்று. இருபது வருஷம் சென்ட்ரிங் பலகை அடித்து, பிறகு காண்ட்ராக்ட் எடுத்து மேலே வந்தவர் கொளஞ்சி. சுவரைத் தட்டிப் பார்த்தே பூச்சு சுத்தம் என்று சொல்லிவிட்டார். அவரோடு சித்தாளாகச் செங்கல் சுமந்த மனைவி செல்லக்கிளிக்கு அடுப்படி ஜன்னலை விட்டு நகரவே மனமில்லை. கையெழுத்துதான் பாக்கி.

லிஃப்டில் இறங்கும்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் விதிகளை ஒப்பித்துக்கொண்டு வந்தார். பால்கனியில் துணி காயக்கூடாது. வேலையாட்கள் பார்க் பெஞ்சில் உட்காரக்கூடாது.

நாலாவது மாடியில் கதவு திறந்தது. குப்பை வாளியோடு ஒரு பெண் உள்ளே கால் வைத்தாள்.

"வேலைக்காரங்க லிஃப்டு ரிப்பேரு சார்."

"படி இருக்கில்லம்மா?" என்றார் செயலாளர்.

அவள் வாளியோடு வெளியே இறங்கிக்கொண்டாள். கதவு மூடியதும் செயலாளர் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, அவள் நின்ற இடத்தில் மல்லிகை வாசம் பீய்ச்சினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். மீட்டிங்ல எல்லாரும் கை தூக்கிப் பாஸ் பண்ணின ரூல் இது."

கொளஞ்சி அந்தப் பாட்டிலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் செல்லக்கிளி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"சென்ட்டு ஒத்துக்கலியா புள்ள?"

"சென்ட்டு நல்லாத்தாங்க இருக்கு. அவதான்... என்னா நாத்தம்."

கீழே அலுவலகத்தில் செயலாளர் பேனாவை நீட்டினார். அதை வாங்காமல், வாய் நிறைய ஊறிவிட்ட எச்சிலைத் துப்ப இடமின்றி கொளஞ்சி அந்தப் பளிங்குத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.