பதினேழாம் பக்கம்

கைநிறையச் சம்பளம் தந்த வேலையை உதறிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டவளைப் பற்றி வீட்டில் இருவருக்கு மட்டும் நல்ல அபிப்பிராயம் இல்லை: கணவனுக்கும் நாத்தனாருக்கும். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது தனி விஷயம்.

"உத்தியோகம் பார்த்த கைக்கு ஊசியும் நூலும்தான் மிச்சமா?" என்று நாத்தனார் காலையில் காப்பியோடு ஒரு முறையும், மாலையில் காப்பி இல்லாமல் ஒரு முறையும் கேட்பாள். கணவன் கேட்கமாட்டான். பெருமூச்சு விடுவதோடு சரி.

பழைய மேலாளரை வீட்டுக்கு வரவழைத்தது நாத்தனார்தான்.

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவள் வேலையை விட்டுப் போனபிறகு மாத அறிக்கை ஒன்றும் உருப்படியாக வருவதில்லை என்றார். அவளுடைய இடத்தை இன்னும் நிரப்பவில்லை, திங்கட்கிழமையே வந்து சேரலாம் என்றார். கணவனின் முகம் மலர்ந்தது.

அவள் கை ஓயவில்லை. "இங்கே நிம்மதியா இருக்கேன் சார்."

"நூல் பிடிச்சுட்டு உக்கார்றதுல என்னம்மா நிம்மதி? இதை யார் பார்க்கப் போறாங்க? உங்க அறிக்கையை ஒரு வரி விடாம படிச்சவன் நான். அந்த உழைப்பு இப்படி வீணாப் போகலாமா?"

"நல்லா சொல்லுங்க சார்," என்றாள் நாத்தனார். "நாங்க சொன்னா காதுல ஏறாது."

மனைவி சார்பில் சம்மதம் சொல்லிவிடலாம் என்று கணவன் வாயெடுத்தான். அதற்குள் மேலாளரின் கண், நாற்காலிக் கையில் மடித்து வைத்திருந்த ஸ்வெட்டரில் விழுந்தது. எடுத்துப் பிரித்தார். புரட்டிப் பார்த்தார்.

"நீங்களே போட்டதா? என் வீட்டுக்காரியும் பின்னுவா. புதுசா ஒரு மாதிரியும் கிடைக்கலைன்னு புலம்பிட்டே இருப்பா. இதை எப்படிப் போடறதுன்னு எழுதித் தர முடியுமா?"

"எழுதியே கொடுத்திருக்கேன் சார். உங்ககிட்டதான்."

அவர் விழித்தார்.

"போன வருஷத்து மாத அறிக்கை ஒவ்வொண்ணுலயும் பதினேழாம் பக்கம் பாருங்க. ஸ்வெட்டரோட முதுகு ஜனவரி மாசம், கை பிப்ரவரி, கழுத்து மார்ச். ஊசில எத்தனை கண்ணி ஏத்தணும், எங்கே குறைக்கணும், எல்லாம் இருக்கும். ஒவ்வொண்ணோட கடைசிப் பக்கத்துலயும் 'முழுதும் படித்தேன், மிகச் சிறப்பு'ன்னு நீங்க போட்ட கையெழுத்தும் இருக்கும்."

கணவன் திறந்த வாயை மூடினான். நாத்தனார் காலிக் கோப்பையை எடுத்து உறிஞ்சினாள்.

அவள் பின்னிக்கொண்டிருந்த வரிசையை முடித்து, ஊசியைத் திருப்பிப் பிடித்தாள்.

"ஒரே ஒரு மாசமாவது 'இது என்னம்மா'ன்னு கேட்டிருந்தீங்கன்னா, நான் வேலையை விட்டிருக்கவே மாட்டேன் சார்."