பழகாத அடி

அரியணைக்காக அண்ணனும் தம்பியும் மோதிய போரில், தம்பிக்கு முரசறைந்தவர் எங்கள் முன்னோர் ஏறன் சாத்தனார். நடுப்பகலில் முன்னணி சரியத் தொடங்கியது. அவருடைய மகன்கள் இருவரும் அங்கேதான் நின்றார்கள்.

"பின்வாங்கச் சொல்லி அறையும் ஓய். உம் பிள்ளைகளாவது பிழைக்கட்டும்," என்றார் இளவரசர்.

"அந்த அடியை எங்கள் வீட்டில் யாரும் பழகியதில்லை, அரசே."

"நான் இன்னும் அரசனாகவில்லை."

"மாலைக்குள் ஆகிவிடுவீர்கள்," என்று சொல்லிவிட்டு, முன்னேறும் அடியையே அறைந்தார். சரிந்த படை மீண்டும் முன்னே பாய்ந்தது.

மாலையில் அண்ணன் வீழ்ந்தார். களத்திலேயே முடிசூட ஏற்பாடாயிற்று. முரசொலி இல்லாமல் முடி ஏறக்கூடாது என்பது அந்நாட்டு வழக்கம்.

"என் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வருகிறேன்," என்று சாத்தனார் பிணங்களுக்கிடையே நடந்தார்.

அவர் வரும்வரை புது அரசர் மணிமுடியைக் கையில் ஏந்திக்கொண்டு வெறுந்தலையோடு நின்றார்.