படையலில் ஒரு பாட்டு

"துக்க வீட்ல பாட்டா? யாரு வச்சது?"

ஐயாசாமி போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜீவனுக்கு அன்று எட்டாம் நாள் படையல். மாலை போட்ட படத்துக்கு முன்னால் இலை. இலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, கோழிப் பிரட்டல், பக்கத்தில் ஒரு கிளாஸ் ஐஸ் மைலோ. இலை ஓரத்தில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர். ரெகே என்கிற வெளிநாட்டுத் தாளப் பாட்டு அதிலிருந்துதான் வந்தது.

"நான்தான் வச்சேன்ப்பா," என்றாள் ரூபினி, ஜீவனின் தங்கை. "அண்ணனுக்குப் பிடிச்சது எல்லாம் வைக்கணும்னு அத்தைதான் சொன்னாங்க."

"நான் சாப்பாட்டச் சொன்னேன்லா!" என்றாள் அத்தை செல்லம், ஐயாசாமியின் தங்கை.

"பதினாறு முடியற வரைக்கும் டிவியே போடக் கூடாது. பாட்டு கேக்குதா உனக்கு?" என்று ஐயாசாமி மகளை அதட்டினார்.

அவருக்கு ஸ்பீக்கரை எங்கே அமுக்கி அணைப்பது என்றுகூடத் தெரியவில்லை. தடவித் தடவி ஒருவழியாக அணைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய், ரோட்டோரம் நிறுத்தியிருந்த தான் ஓட்டும் செம்பனைக் குலை லோரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அண்ணன் சொன்னதுல என்ன தப்பு? முறைன்னு ஒன்னு இருக்குல்ல," என்றாள் செல்லம்.

கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள். எட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"முறையா? பெத்த புள்ள போயிட்டான். இந்த மனுசன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. அதுக்கு என்ன முறை, சொல்லுங்க?"

செல்லம் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

ஜீவன் ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன். சனிக்கிழமையானால் லாபிஸுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். அறையில் கூட இருந்த மலாய்க்காரப் பையன்தான் அவனுக்கு இந்தப் பாட்டுப் பைத்தியத்தை ஏற்றிவிட்டது. பழைய துணிக் கடையில் வாங்கிய தொப்பியோடு சமையலறையில் நின்று அம்மாவுக்குப் பாடம் நடத்துவான்.

"ஸ்கான்னா ஓட்டம்மா. ராக்ஸ்டெடின்னா நடை. ரெகேன்னா, நடந்து களைச்சுப்போய் உக்காந்து மூச்சு விடறது."

கஸ்தூரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையாட்டுவாள். ரூபினி ஆடியே காட்டுவாள். ஐயாசாமிக்குத்தான் ஆகாது.

"என்னடா இது, பாட்டுக்கு விக்கல் எடுக்குது? நிப்பாட்டு!"

அவன் அசரவில்லை. லோரியில் ரேடியோ கெட்டு வருஷக்கணக்காகிறது, அப்பா தனியாக ஓட்டிக்கொண்டு போகிறாரே என்று வாரம் ஒரு பாட்டைப் பிடித்து வாய்ஸ் நோட்டாக அவருக்கு அனுப்பினான்.

போன வாரம் விடியற்காலை, மழையில், பாலத்துக்குப் போகிற வழியில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. அதோடு முடிந்தது.

"அம்மா, இதப் பாருங்க." ரூபினி அண்ணனின் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். விபத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. "அப்பாவுக்கு அனுப்பினது. நாப்பத்தேழு இருக்கு. அவரு கேட்டா இந்தக் குட்டி மைக் நீலமாயிடும். ஒன்னாச்சும் நீலமா இருக்கா?"

கஸ்தூரி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

"ஒரு பாட்டு கேட்டா குறைஞ்சா போயிருப்பாரு?" அழக்கூட வரவில்லை அவளுக்கு. அந்த ஆளை இனி வாழ்நாளுக்கும் மன்னிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜன்னல் பக்கம் நின்ற செல்லம் திரும்பினாள்.

"அண்ணி, லோரியப் பாருங்க. பின்னாடி செவப்பு லைட்டு எரியுது, அணையுது. அண்ணன் பிரேக் செக் பண்ணுறாரு. நாளைக்கே லோடு ஏத்தப் போறாரு போல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நானே சப்போர்ட் பண்ணிப் பேசினேன். ஆனா இது கொஞ்சம் ஓவர்தான்."

கஸ்தூரி எழுந்து பார்த்தாள். உண்மைதான். சிவப்பு விளக்கு பளிச் பளிச்சென்று விட்டு விட்டு எரிந்தது. இஞ்சின் ஓடவில்லை.

"இன்னிக்கு நாலு பேரு முன்னாலயே கேட்டுடறேன்," என்று வாசலுக்குப் போனாள்.

"அம்மா! நில்லுங்க!"

ரூபினியின் கையில் இருந்த போனில் முதல் மைக் நீலமாகியிருந்தது.

ஒரு நிமிஷம் கழித்து இரண்டாவது. பிறகு மூன்றாவது.

கஸ்தூரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செல்லமும் பக்கத்தில் வந்து நின்றாள். போனையும் லோரியையும் மாறி மாறிப் பார்த்தபடி மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள்.

நாற்பத்தேழாவதும் நீலமானபோது, இலைக்குப் பக்கத்தில் மைலோவில் ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் நிற்கவில்லை.

போன் அதிர்ந்தது. 'அப்பா' என்று வந்தது. எட்டு விநாடி வாய்ஸ் நோட்டு.

ரூபினி அதைத் தட்டினாள்.

பாட்டு இல்லை. பிரேக்கைக் கால் மிதிக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது, விட்டு விட்டு, தாளம் தப்பாமல். அதன்மேல் ஐயாசாமியின் உடைந்த குரல்.

"விக்கல் இல்லடா தம்பி... நல்லாத்தான் இருக்கு. அடுத்தது அனுப்புடா."