சாய்ந்த லேபிள்

“இது பேட்டரியா, பலகாரப் பொட்டியா?” நான் செய்துகொண்டு போனதை ஒற்றை விரலால் தள்ளினார் மல்லேஸ்வரம் சேஷாத்ரி.

அவரிடம் இருபது பழைய வால்வு ரேடியோக்கள். அவற்றின் பேட்டரியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அதே அளவில் அட்டைப்பெட்டி செய்து, உள்ளே சின்ன பேட்டரிகளை அடுக்கித் தருவது என் தொழில். இந்த ஆர்டரும் போனால் நான் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் திருப்பத்தூருக்கே போகவேண்டியதுதான்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய பேட்டரியை எடுத்தார். “ஒரிஜினல் பாரு. லண்டன் சரக்கு. அம்பது வருஷமாச்சு, இன்னும் கரண்ட் குடுக்குது! லேபிளைச் சாய்ச்சு ஒட்டியிருக்கான் பாரு, அதான் ஸ்டைல். உனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.”

“எங்க சார் வாங்குனீங்க?”

“சண்டே பஜார். வித்தவனுக்கே மதிப்பு தெரியல, முட்டாள்!”

“அடிமூடியைத் தெறந்து பாருங்க சார்.”

முறைத்துக்கொண்டே திறந்தார். அட்டையின் உள்பக்கத்தில், ‘அன்பு செருப்புக் கடை, ஈஜிபுரா’.

“நான் மொதமொதல்ல செஞ்சது சார், எங்க ஏரியா செருப்புக் கடை அட்டையில. லேபிள் கோணலாப் போச்சுன்னு பழைய பேப்பர்காரன்கிட்ட தள்ளிட்டேன்.”

சட்டென்று மூடினார். கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, “வெளிய சொல்லாதப்பா. இருபதும் நீயே செஞ்சு குடு” என்றார்.

“லேபிள் நேரா வேணுமா சார், ஸ்டைலா வேணுமா?”