தீவு மறையக் கூடாது

"இந்த ஓரத்துல மூணு விரல் அகலம் அட்டைக்குள்ள போயிடும் சார். பரவாயில்லையா?" என்று கேட்டார் பிரேம் கடைக்காரர்.

பெரியவர் மேசைமேல் குனிந்து பார்த்தார்.

இருநூறு வருடத்துப் பழைய கடல் வரைபடம். நான்கு மூலையிலும் கன்னம் உப்பக் காற்று ஊதும் முகங்கள். நடுவில் தண்ணீர் பீய்ச்சும் திமிங்கிலம். வலது ஓரத்தில், கடைக்காரரின் கட்டைவிரலுக்கு அடியில், பச்சை வண்ணம் தீட்டிய ஒரு குட்டித் தீவு.

"விரலை எடுங்க. அந்தத் தீவு மறையக் கூடாது."

கடைக்காரர் வாய் ஓயாதவர், ஆனால் வேலையில் சுத்தம். அந்த ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. அதை மறைக்காமல் கண்ணாடி போட்டால் பல் போன வாய் மாதிரி இளிக்கும் என்றார். அப்படி என்ன பெரிய தீவு என்று போனை எடுத்து, அந்தக் கடலைத் தேடிப் பிடித்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

பார்த்தவர் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது.

"சார், உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க. இப்படி ஒரு தீவே கிடையாது. வெறும் தண்ணி."

பெரியவர் இதற்காகவே காத்திருந்தவர் போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிடையாதுதான். கிடையாதுன்னு கண்டுபிடிச்சதே என் பொண்ணு."

மகளுக்குக் கடலை அளக்கும் வேலை. கரையிலிருந்து பதினொரு நாள் போய், தீவு இருக்க வேண்டிய இடத்தில் கப்பலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினாள். கீழே மூவாயிரம் மீட்டர் ஆழம். ஒரு மணல் திட்டுகூட இல்லை. அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடல் வரைபடங்களிலிருந்து அந்தத் தீவை எடுத்தார்கள். இப்போது அந்த அலுவலகத்துக்கே அவள்தான் தலைவி. திங்கட்கிழமை புது அறைக்குப் போகிறாள். அங்கே மாட்டத்தான் இந்தப் படம்.

சொல்லச் சொல்லப் பெரியவரின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது.

கடைக்காரருக்கும் அது தொற்றிக்கொண்டது. பக்கத்துக் கடை டைலரைக் கூப்பிட்டு, ஏதோ தன் வீட்டுப் பெண் சாதித்தது போல முழுவதையும் இன்னொரு முறை சொன்னார். பிறகுதான் ஒரு கேள்வி உதித்தது.

"இத்தனை வருஷமா ஒருத்தருக்குமா சந்தேகம் வரல?"

வந்தது. நாற்பது வருடத்துக்கு முன்பே அதை எடுத்துவிடப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு சரக்குக் கப்பலில் காவலில் நின்ற இளம் அதிகாரி, விடியற்காலையில் தீவைக் கண்ணால் கண்டதாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டான். கறுப்புப் பாறை, அதன்மேல் பச்சை, சுற்றிலும் பறவைகள். கேப்டன் திட்டியும் அடித்து எழுத மாட்டேன் என்று நின்றான். கப்பலில் எல்லோரும் அவனுக்குத் 'தீவு' என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஒரு வரியால் தீவு மேலும் பல வருடம் பிழைத்துக் கிடந்தது.

கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "சரியான புளுகனா இருப்பான் போல! இல்லன்னா ராத்திரி ஏத்துனது எறங்கியிருக்காது."

"குடிப்பழக்கம் கிடையாதுங்க எனக்கு," என்றார் பெரியவர்.

டைலர் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

பெரியவர் கோபப்படவில்லை. இன்னமும் கண்ணை மூடினால் அந்தப் பறவைகள் தெரிகின்றன என்றார். பிறகு, அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன்பு மகள் நடுக்கடலிலிருந்து போன் செய்ததைச் சொன்னார்.

இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்டதாம்.

"அப்பா... மூணு தடவை அளந்துட்டேன்ப்பா."

"மூணு தடவை அளந்தப்புறம் என்னை எதுக்கும்மா கேக்குற? இல்லன்னு எழுது."