ஒரே முகவரி

எச்சரிக்கை மணி அலறியது. கல்லூரிச் சேர்க்கை இணையதளத்தின்மேல் ஒரே இணைய முகவரியிலிருந்து நிமிடத்துக்கு அறுநூறு கோரிக்கைகள் வந்து மோதின. விண்ணப்பிக்க இன்னும் இருபது நிமிடமே இருந்தது.

“அட்டாக்குதான்மா இது. அந்த அட்ரஸை ப்ராக்ஸியிலேயே பிளாக் பண்ணிடு” என்றார் மேலாளர் அருளப்பன்.

தளத்துக்கு முன்னால் நின்று வருபவர்களை உள்ளே அனுப்பும் ப்ராக்ஸி சர்வர் தீர்த்தாவின் பொறுப்பு. முகவரியை இரண்டு முறை படித்தாள். அதைத் தடுப்பதற்குப் பதில், நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கைதான் என்று அதற்கு இருந்த வரம்பையும் எடுத்துவிட்டாள்.

“வேலை போயிடும், தெரியுதா?”

“போகட்டும் சார்.”

“யாரு அது, உன் சொந்தக்காரனா?”

“எங்க மலைப் பள்ளிக்கூடத்து வைஃபை சார். ஊருக்கே அது ஒண்ணுதான். பிள்ளைங்க மொத்தமும் இப்ப அப்ளிகேஷன் போட அந்தச் சுவரை ஒட்டித்தான் நிக்கும்.”